மொட்டைக் கடிதமும் பலகைக் காவலரும்

பெயரிட அஞ்சுகின்றவன் எழுதுகின்றான். பொறுப்பேற்க அஞ்சுகின்றவர் ஒட்டுகின்றார். ஊர் கூடி நின்று நகைக்கின்றது. நம் சங்கங்கள் சிலவற்றின் அறிவிப்புப் பலகைகளிலே நடைபெறும் திருப்பணி இதுவே. கைம்பெண் ஒருத்தி மறுமணஞ் செய்துகொண்டால் ஒரு மொட்டைக் கடிதம். சாதி கடந்து இருவர் மணந்தால் மற்றொன்று!

இதனை ஏன் அனுமதித்தீர் என்று காரியதரிசியைக் கேட்டால், "எழுதியவர் யாரோ! கருத்துச் சுதந்திரத்தை நான் தடுக்கலாகுமா?" என்கின்றார். நன்று! பலகையின் சாவி யார் கையில் இருக்கின்றது? சங்கக் கணக்கைப் பற்றி ஒருவர் கையெழுத்திட்டுக் கேள்வி கொடுத்தால், அதனை ஒரு மாதம் ஆராய்கின்ற இவருக்கு, அயலான் மனைவியைப் பற்றிய வசையை ஆராய ஒரு நிமிடமும் இல்லையோ?

வெளியிடுவோர் பொறுப்பு யாதென்பதைச் சுயமரியாதை இயக்கத்தின் வரலாறே காட்டும். 1933இல் 'குடி அரசு' வெளியிட்ட தலையங்கம் ஒன்றிற்காக, ஈ. வெ. இராமசாமியாரோடு, பதிப்பாளராக இருந்த அவர் தங்கையார் கண்ணம்மாளும் சிறை புகுந்தார். அவ்விதழில் இராமசாமியார் 'சித்திரபுத்திரன்' என்ற புனைபெயரிலும் எழுதியதுண்டு. எனினும் அப்பெயருக்குப் பின்னே, பதில் சொல்ல ஒரு பத்திரிகை நின்றது. மொட்டைக் கடிதத்தின் பின்னே நிற்பவர் யார்?

பெயரில்லாக் கடிதம் அனைத்தையும் கிழித்தெறிக என்று நாம் கூறவில்லை. தோட்ட அலுவலகத்தில் எழுத்துப்பணி புரியும் நாம், பெயரிட்டால் வேலை போய்விடுமே என்றஞ்சிய தொழிலாளரின் முறையீடுகளைக் கண்டிருக்கின்றோம். தராசு பிழையென்றால் தராசைச் சோதிக்கலாம்; கூலி குறைந்ததென்றால் பதிவேட்டைப் புரட்டலாம். அத்தகைய கடிதம் பலகையில் தொங்க வேண்டியதன்று; மேசையில் வைத்து விசாரிக்க வேண்டியது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

வசை காற்றோடு போய்விடும் என்பாரும் உளர். 2024 ஜூலையில் மலேசியாவில், வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளான தமிழ்ப்பெண் ஒருத்தி, போலீசில் முறையிட்ட பின்னரும் ஆறுதல் காணாது உயிர் நீத்தாள். வசைபாடிய ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதமோ 100 ரிங்கிட்! மக்கள் கொதித்தெழுந்தனர். 2025இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பெற்று, பிறரை இவ்வாறு கொடுமைப்படுத்துதல் தனிக் குற்றமாயிற்று. உயிர் போனபின் வந்தது சட்டம்; அதற்கு முன்னரே வந்திருக்க வேண்டியது நம் மானவுணர்ச்சி.

ஆதலின், சங்கத்தாரே! பலகையில் இடம்பெறும் எழுத்துக்கு உரியவர் யாரென்று நீங்களேனும் அறிந்திருங்கள். செயலைக் கண்டிக்க இடங்கொடுங்கள். பிறப்பையும் படுக்கையறையையும் தொட இடங்கொடாதீர்கள். குற்றஞ் சாட்டப்பட்டவரின் மறுமொழிக்கு அதே பலகையில் அதேயளவு இடந்தாருங்கள். இவ்வளவும் இயலாதெனில், சாவியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகுங்கள்.