சர்க்கரை குறைச்ச ஜாமும் ஒரு வருஷ வாரன்ட்டியும்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுகிட்டிருந்த விஷயம், இன்னிக்குக் கொட்டிடறேன். பாதியில ஓடிடாதீங்க மக்களே. நடுவுல கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், இன்டர்னலுக்குக்கூட உதவலாம் :-)

போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு ஞாயித்துக்கிழமை சந்தை. வாசல்ல வாழைமரம், உள்ள போனா சணல் பை, மரச் சீப்பு, செக்கு எண்ணெய். அந்த மாதிரி சந்தைன்னு புரிஞ்சிருக்கும். எங்க சித்தி பழனி பக்கம் ஆயக்குடியில ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில இருக்காங்க. கொய்யாவுக்குப் பேர் போன ஊர். வரத்து அதிகமாகி விலை விழுந்தா பறிப்புக் கூலிக்கே கட்டாது, பழம் மரத்தடியிலேயே அழுகும். அதைப் பார்த்துச் சகிக்காமதான் பதினோரு பேர் சேர்ந்து ஜாம் போட ஆரம்பிச்சாங்க. முறையா பயிற்சி எடுத்து, பதிவு எண் வாங்கி, லேபிள் அடிச்சு. அன்னிக்கு 40 பாட்டில் கொண்டு வந்திருந்தாங்க. கால் கிலோ 110 ரூபாய். எடுபிடி வேலைக்கு நான்.

லேபிள்ல இருந்தது மூணே சமாச்சாரம். கொய்யாக் கூழ், சர்க்கரை, சிட்ரிக் அமிலம் (ஐ.என்.எஸ் 330). அவ்வளவுதான்.

முதல்ல வந்தவங்க பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாங்க. "ஏங்க, இதுல கெமிக்கல் போட்டிருக்கீங்களா?"

"சிட்ரிக் ஆசிட் மட்டும்தானுங்க. கொய்யாவுக்குப் புளிப்பு பத்தாதுங்க, அதுக்காக."

"சர்க்கரை எவ்ளோ?"

"ஒரு கிலோ கூழுக்கு ஒரு கிலோவுங்க."

ஏதோ சித்தி கொலைக் குத்தத்தை ஒப்புக்கிட்ட மாதிரி ஒரு பார்வை. பாட்டிலை வெச்சுட்டு அடுத்த மேஜைக்குப் போயிட்டாங்க. அங்கயும் கொய்யா ஜாம்தான். கூடவே பப்பாளி ஜாம். பிரவுன் பேப்பர் அட்டையில அழகான கையெழுத்து: "வெள்ளைச் சர்க்கரை இல்லை. ப்ரிசர்வேட்டிவ் இல்லை. ஒரு வருடம் கெடாது." மூடி மேல பூப்போட்ட துணி கட்டி சணல் கயிறு. கால் கிலோ 240 ரூபாய். மத்தியானத்துக்குள்ள காலி. சாயங்காலம் எங்க மேஜையில மிச்சம் 31.

பொறாமையில பேசறேன்னு நினைச்சுக்குங்க, பரவாயில்லை. ஆனா அந்த அட்டையில இருக்கிற மூணு வாக்கியமும் ஒரே பாட்டில்ல சேர்ந்து உண்மையா இருக்கிறது ரொம்பக் கஷ்டம். விசாரிச்சேன். கொஞ்சமா நாட்டுச் சர்க்கரை, கிலோ பழத்துக்கு 300 கிராம்தானாம். புளிப்புக்கு எதுவும் சேர்க்கலையாம். "எலுமிச்சை போட்டா பழத்தோட ஒரிஜினல் டேஸ்ட் போயிடும் தம்பி." பாட்டில் பழைய ஊறுகாய் பாட்டில், நல்லா கழுவி வெயில்ல காய வெச்சதாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஜாம்ல சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லீங்க. சர்க்கரைதான் அங்க ப்ரிசர்வேட்டிவ். பழத்துல இருக்கிற தண்ணியைச் சர்க்கரை பிடிச்சு வெச்சுக்குது, கிருமிக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்காது. இதை நீர்ச் செயல்பாடுன்னு ஒரு எண்ணால சொல்லுவாங்க. சுத்தத் தண்ணிக்கு 1. பெரும்பாலான பாக்டீரியா வளர 0.91க்கு மேல வேணும். ஒழுங்கா காய்ச்சின ஜாம் 0.8ஐ ஒட்டி நிக்கும். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2011 விதிமுறையில, ஜாம்னு பேர் போடணும்னா கரைஞ்ச திடப்பொருள் குறைஞ்சது 65 சதவீதம் இருக்கணும்னு சொன்னது சர்க்கரை ஆலைக்காரனுக்காக இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ கொய்யாக் கூழ்ல கரையற பொருள் சுமாரா 100 கிராம். சித்தி ஒரு கிலோ சர்க்கரை போடறாங்க, ஆக மொத்தம் 1100 கிராம். 65 சதவீதம் வரணும்னா ஜாம் 1.7 கிலோ வர்ற வரைக்கும் காய்ச்சினாப் போதும். பக்கத்து மேஜைக்காரர் 300 கிராம் போடறார். 400 கிராம் தேறும். அதை 65 சதவீதத்துக்குக் கொண்டு வரணும்னா 600 கிராம் சொச்சத்துக்குச் சுண்டக் காய்ச்சணும். அப்ப அது ஜாம் இல்லை, கொய்யா அல்வா. கரண்டியில வழியற பதத்துல, ஒரு 900 கிராம்ல இறக்கினா? 44 சதவீதம். கிருமிக்குப் பந்தி விரிச்சாச்சு.

நாட்டுச் சர்க்கரை போட்டா நல்லதுதானேன்னு கேப்பீங்க. அதுவும் சர்க்கரைதான். ரத்தத்துல போய் நான் பனங்காட்டுல இருந்து வர்றேன், கரும்பாலையில இருந்து வர்றேன்னு அறிமுகம் எல்லாம் பண்ணிக்காது. ருசி பிடிக்கும்னா போடுங்க, ஆனா அளவைக் குறைக்காதீங்க. எங்க ஊர்ப் பக்கத்து பழனி பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கோங்க. 2019ல புவிசார் குறியீடு வாங்கினது. வாழைப்பழம் எவ்வளவு சீக்கிரம் அழுகும்னு தெரியும்ல? அது பஞ்சாமிர்தத்துல மட்டும் எப்படித் தாங்குது? ஒரு சொட்டுத் தண்ணி விடாம நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, தேன், பேரீச்சைன்னு அள்ளிக் கொட்டறதால. "எங்க பாட்டி காலத்துல ப்ரிசர்வேட்டிவே கிடையாது"ன்னு சொல்றவங்க பாட்டியோட ஊறுகாய் ஜாடியை எட்டிப் பார்த்ததே இல்லை போல. உப்பைப் பிடி பிடியா போட்டாங்களே, எதுக்கு? மாவடு ஏன் வருஷம் தாங்குச்சு? பாட்டி யாரும் "உப்பு குறைச்ச, ஒரு வருஷம் கெடாத நார்த்தங்காய்"னு வித்தது இல்லை.

இப்ப சிட்ரிக் அமிலம். 1784ல ஷீலேங்கிற வேதியியல்காரர் எலுமிச்சைச் சாறுல இருந்து பிரிச்செடுத்தது. எலுமிச்சை பிழிஞ்சாலும் இந்த மூலக்கூறுதான், பாக்கெட்ல வாங்கினாலும் இதேதான். ஐ.என்.எஸ் 330ங்கிறது அதோட ரேஷன் கார்டு நம்பர் மாதிரி, அவ்வளவுதான். (உண்மையைச் சொல்லணும்னா, இன்னிக்கு ஆலைகள்ல அதை எலுமிச்சையில இருந்து எடுக்கறதில்லை. கரும்புக் கழிவுப் பாகு மாதிரியான இனிப்புச் சரக்குல ஒரு கறுப்புப் பூஞ்சையை வளர்த்து எடுக்கறாங்க. இதைச் சித்திகிட்ட சொன்னப்ப, "வெளிய எங்கயும் சொல்லித் தொலைக்காதே"ன்னாங்க. சொல்லிட்டேன்.)

புளிப்பு எதுக்கு? ரெண்டு வேலை. ஒண்ணு, பழத்துல இருக்கிற பெக்டின் கெட்டிப்பட பி.எச் 3லிருந்து 3.4 கிட்ட இருக்கணும். சர்க்கரையும் 60 சதவீதத்துக்கு மேல வேணும். ரெண்டாவதுதான் முக்கியம். காத்துப் புகாம மூடின பாட்டில்ல பி.எச் 4.6க்கு மேல போச்சுன்னா, தண்ணியும் தாராளமா இருந்துச்சுன்னா, பொட்டுலினம்னு ஒரு கிருமி வளர வாய்ப்பிருக்கு. அதோட வித்து 100 டிகிரி கொதியில சாகாது. அது உண்டாக்கற நஞ்சு நரம்பை முடக்கும். வாடையோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். பப்பாளியோட பி.எச் 5க்கு மேல. சப்போட்டாவும் கனிஞ்ச வாழைப்பழமும் இப்படி நம்ப முடியாத கேஸ்தான். புளிப்பு சேர்க்காம, சர்க்கரை குறைச்சு, இறுக்கி மூடி, அலமாரியில ஒரு வருஷம் வைக்கச் சொல்ற பப்பாளி ஜாம் எனக்கு உண்மையிலேயே பயத்தைக் கொடுக்குது. பயமுறுத்தறேன்னு சொன்னாலும் சரி.

"சர்க்கரையே இல்லாம டப்பாவுல அடைச்ச பழம் விக்கிறாங்களே"ன்னு எங்க க்ளாஸ் அறிவுஜீவி ஒருத்தன் மடக்கினான். நியாயமான கேள்வி. முடியும். பிரான்ஸ்ல நிக்கோலா அப்பேர் 1810லயே கண்ணாடி பாட்டில்ல அடைச்சு, கார்க் இறுக்கி, கொதிதண்ணியில போட்டு எடுக்கற வித்தையைப் புத்தகமா எழுதினார். கிருமிதான் காரணம்னு பாஸ்டர் வந்து சொல்றதுக்குப் பல வருஷம் முன்னாடி. ஆனா அங்க காவல் காக்கிறது சூடும் மூடியும். சர்க்கரை, புளிப்பு, சூட்டோட இறுக்கின மூடின்னு மூணு காவல்காரங்க. ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினா மத்த ரெண்டு பேரும் முழிச்சிருக்கணும். அந்த அழகான மேஜையில மூணு பேருமே லீவு. அப்படியே நல்லா அடைச்சாலும், மூடியைத் திறந்த நிமிஷமே கணக்கு மாறிடும், சர்க்கரை குறைஞ்ச ஜாம் ஃப்ரிட்ஜ்லயே சில வாரம்தான்.

இவ்வளவு பேசறேனே, நான் யோக்கியமா? இல்லை. இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ரெண்டாம் வருஷம் லீவுல, ஒரு வீடியோவைப் பார்த்துட்டு, சித்தி வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்காம, பாதிச் சர்க்கரையில ஜாம் போட்டேன். "தித்திப்பு கொஞ்சம் கம்மியா இருந்தாத்தான் சித்தி இப்ப ஃபேஷன்." பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி, வீடியோவில சொன்ன மாதிரி தலைகீழா கவுத்தி வெச்சு (இப்படிக் கவுத்தறதை நம்பக் கூடாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது) ஹாஸ்டலுக்குப் பெருமையா தூக்கிட்டுப் போனேன். இருபதாம் நாள் மேல வெள்ளையும் பச்சையுமா பூசணம். ரூம்மேட் ஸ்பூனால மேலாக எடுத்துப் போட்டுட்டு, "கீழ நல்லாத்தான்டா இருக்கு"ன்னு ப்ரெட்ல தடவினான். நான் தடுக்கலை. நானே போட்ட ஜாமாச்சே, கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்க மனசு வரலை. நானும் சேர்ந்து சாப்பிட்டேன். பூசணத்தோட நூல் கண்ணுக்குத் தெரியாம உள்ள இறங்கியிருக்கும், சிலது விடற நஞ்சும் பரவும், பூசணம் பூத்த ஜாமை முழுசா கொட்டணும்னு அப்புறம்தான் படிச்சேன். எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. அது என் சாமர்த்தியம் இல்லை.

வீட்டுல போட நினைக்கிற க்ளாஸ்மேட்டுங்களுக்கு, சித்தி செய்யறதை அப்படியே சொல்றேன். முக்கால் பழுத்த கொய்யா, அதுலதான் பெக்டின் அதிகம். விதை நீக்கின கூழுக்குச் சமமா சர்க்கரை. அகலமான பாத்திரம், ஒரு தடவைக்கு ரெண்டு கிலோ கூழுக்கு மேல வேண்டாம். அதிகம் போட்டா கொதி வர்றதுக்குள்ள நிறம் செத்துடும். சிட்ரிக் அமிலம் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், கடைசியில. அதிரசப் பாகு பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பதம் கஷ்டமே இல்லை. ஃப்ரீசர்ல வெச்ச தட்டுல ஒரு சொட்டு விட்டு, விரலால தள்ளினா சுருக்கம் விழணும். தெர்மாமீட்டர் இருந்தா 105 டிகிரி. கொடைக்கானல் பசங்க கவனிக்க: உங்க ஊர்ல தண்ணியே 93 கிட்டக் கொதிச்சிடும், 105க்குக் காத்திருந்தா மிட்டாய்தான் மிஞ்சும். உங்க ஊர்க் கொதிநிலையோட அஞ்சு டிகிரி கூட்டிக்குங்க. கொதிக்க வெச்ச பாட்டில்ல சூடாவே ஊத்தி, விளிம்பைத் துடைச்சு, புது மூடி போட்டு, முழுகுற தண்ணியில பத்து நிமிஷம் கொதி. ஆறினப்புறம் மூடி நடுவுல அமுக்கிப் பாருங்க. "டிக்"னு சத்தம் வந்தா அது மூடிக்கலை, ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். முதல்ல அதைத்தான் தின்னு தீர்க்கணும்.

சர்க்கரை வேண்டாம்னு நினைக்கிறவங்க மேல எனக்குக் கோபமே இல்லை. எங்க அப்பாவுக்கே சுகர். அவருக்கு ஜாமே கிடையாது, கொய்யாவைக் கடிச்சுச் சாப்பிடுவார். சர்க்கரை குறைச்சுப் போடுங்க, தாராளமா. சின்ன பாட்டில்ல போட்டு, ஃப்ரிட்ஜ்ல வெச்சு, சீக்கிரம் சாப்பிடுங்க. விக்கிறதா இருந்தாலும் அட்டையில அதையே எழுதுங்க. எனக்கு எரியறது அந்த ஒரு வருஷ வாரன்ட்டி. அதை நம்பி உண்மையை எழுதின லேபிளைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கிறது. உள்ள என்ன இருக்குன்னு எழுதாதவங்க "இயற்கை", எழுதினவங்க "கெமிக்கல்". 31 பாட்டிலை அட்டைப்பெட்டியில அடுக்கி, பழனி பஸ்ல ஏத்திவிட்டது நான்தான். சீட்டுக்கடியில பெட்டியைத் தள்ளிட்டு, "பஸ் சார்ஜாவது தேறுச்சே, விடு"ன்னாங்க சித்தி.

அடுத்த சந்தைக்கும் வர்றாங்க. லேபிள்ல ஐ.என்.எஸ் 330 அப்படியே இருக்கும். அது பக்கத்துல ஒரு எலுமிச்சம்பழம் படம் போட்டா ஜனங்க பயப்பட மாட்டாங்களேன்னு குழுவில ஒரு அக்கா கேட்டாங்களாம். சித்தி எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. வேண்டாம் சித்தி, அது எலுமிச்சையில இருந்து வந்ததில்லையேன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "படிக்க வெச்சது தப்பாப் போச்சு"ன்னு போனை வெச்சுட்டாங்க.