குறைமாதக் குழந்தையும் கூலிக்காரத் தாயும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறுகிற கூட்டத்தில், குறைமாதத்தில் பிறந்த பிள்ளை பிழைத்தால் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்ட தாய்மார்களும் உண்டு. அவர்களுடைய நம்பிக்கையோடு நமக்குச் சண்டையில்லை. "எல்லாம் தலையெழுத்து, கூலிக்காரிகளின் அறியாமை" என்று உபதேசம் செய்கிற கனவான்களோடுதான் சண்டை!

அறியாமை யாருடையது? 1996இல் சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 29வது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படி முந்திப் பிறக்கும் சிசுவுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து திரையையே இழுத்துப் பிய்த்துவிடக்கூடும். தக்க சமயத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. ஆனால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று அந்தப் பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை! குழந்தையின் பார்வை போயிற்று. தகப்பனார் வழக்காடினார். 2015 ஜூலையில்தான் சுப்ரீம் கோர்ட் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. குழந்தை பிறந்து 19 வருஷம் கழித்து! கரும்பு வெட்டுகிற நம் தோழரால் அத்தனை காலம் கோர்ட்டு வாசலில் நிற்க முடியுமா?

34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த சிசுவுக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இன்று விதி இருக்கிறது. மிகவும் முந்திப் பிறந்ததற்கு இன்னும் சீக்கிரமே செய்யவேண்டும். நல்ல விதிதான். ஆனால் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு அலைகிற தாய்க்கு அன்றன்றைய கூலி போயிற்றே!

இன்னொன்று. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கர் ரே 1978இல் ஒரு முறையைத் தொடங்கினார்: சிசுவைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைப்பது. ஏழை நாட்டு வைத்தியம் இது. 2022இல் உலக சுகாதார நிறுவனமே, பிறந்தவுடன் தொடங்குங்கள், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் அணைத்திருங்கள் என்றது. எட்டு மணி நேரம்! தோழர்களே, அது முழு ஷிப்ட் அல்லவா? இந்த ஷிப்டுக்குக் கூலி எங்கே? தகப்பனும் இப்படிச் சுமக்கலாம். மில் கேட்டில் அவனுக்கு லீவு யார் தருகிறார்கள்?

மில்லில் வேலை செய்யும் சகோதரிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேறுகாலச் சம்பள விடுப்பு 2017இல் 26 வாரமாயிற்று. குறைமாதப் பிரசவத்தால் நோயுற்றால் அதற்கு மேலும் ஒரு மாதம்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டென்று 1961ஆம் வருஷச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 2020ஆம் வருஷத் தொகுப்பிலும் இருக்கிறது. மானேஜர் தாமாக வந்து சொல்லமாட்டார்!

ஆனால் நாற்று நடுகிறவளுக்கும், நாலைந்து பேர் வேலை செய்யும் பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடத்துப் பெண்ணுக்கும் அந்தச் சட்டம் எட்டாது. முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டே என்பார்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதில் ரொக்கம் 14,000. அரை வருஷத்து நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 80 ரூபாய்கூடத் தேறாது. இதைக் கொண்டு ரத்தசோகையைப் போக்குவதா, வீட்டில் உலை வைப்பதா?

விவசாயத் தொழிலாளிக்கும் 26 வாரக் கூலி வேண்டும். குறைமாதச் சிசுவின் பெற்றோர் இருவருக்கும் ஆஸ்பத்திரி நாட்களுக்குக் கூலி வேண்டும். கண் பரிசோதனை தாலுகா ஆஸ்பத்திரியிலேயே நடக்கவேண்டும். இவை நம் கோரிக்கைகள். அதுவரை சும்மா இருக்கவேண்டாம். குறைமாதக் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகும் தோழர்கள், பிறந்த தேதியைக் கேளுங்கள். 30 நாளை விரல்விட்டு எண்ணுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே தாயோடு கிளம்புங்கள்.