எமர்ஜென்சி வார்டில் கேட்க வேண்டிய கேள்வி: கொரோனா காலம் சொல்லும் பாடம் என்ன?

2020 ஜூன் 24 முதல் ஜூலை 14 வரை மதுரை மாநகராட்சிப் பகுதியில் முழு ஊரடங்கு. நகரின் தெற்கே இருக்கும் வில்லாபுரத்திலிருந்து வைகைக்கு வடக்கே உள்ள பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போக பஸ் கிடையாது. உயிர் போகிற அவசரம்னா கிளம்பலாம். 'மனசு சரியில்லை' என்பதற்காக யார் கிளம்புவார்?

எண்கள் என்ன சொல்கின்றன?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் தமிழ்நாட்டில் தற்கொலை மரணங்கள் 2019-ல் 13,493, 2020-ல் 16,883, 2021-ல் 18,925. இதற்கெல்லாம் கொரோனாதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நாடு முழுக்கப் பதிவான காரணங்களில் முன்னால் நிற்பவை குடும்பப் பிரச்சினையும் நோயும். ஊரடங்கில் இரண்டுமே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தன.

எமர்ஜென்சி வார்டு ஏன் முக்கியம்?

தற்கொலைக்கு முயன்றவர்கள் முதலில் வந்து சேரும் இடம் அது. நெஞ்சுவலி, காயம் என்று வருபவர்களில் சிலருக்கும் அந்த எண்ணம் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும். 'கேட்டா நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகிடாதா?' என்பது பலருடைய பயம். அப்படி ஆகாது, மனம்விட்டுப் பேச அது வழி திறக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

போலீஸ் கேஸ் ஆகுமா?

இந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் 'தெரியாம நடந்துடுச்சு' என்று சொல்லிவிடுகின்றன. ஆனால் 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அதற்காகத் தண்டனை கிடையாது.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு?

சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று எமர்ஜென்சி வார்டுக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் 18 மாதங்களுக்குள் தற்கொலையால் இறந்திருந்தனர். இன்னொரு பிரிவில் அது 0.2 சதவீதம்தான். அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தவை: வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு ஒன்பது முறை போனிலோ நேரிலோ ஒரு விசாரிப்பு.

பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. போன் செய்ய பஸ்ஸும் வேண்டாம். அடுத்த ஊரடங்கு வந்தாலும் நிற்காத சிகிச்சை இது. அழைப்பது யார் வேலை என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

உதவிக்கு: மனசு பாரமா இருந்தா தயங்காம பேசுங்க. டெலி மானஸ்: 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104. சிநேகா, சென்னை: 044-24640050.