ஜெபர்சனும் நம் கொம்யூன்களும்

அமெரிக்காவில் 1801 முதல் 1809 வரை ஜனாதிபதியாக இருந்தவர் தாமஸ் ஜெபர்சன். மனிதர் யாவரும் சமம் என்று 1776 சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர். தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானராகவும் இருந்தவர்! 1803ல் லூயிசியானாவைப் பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். அந்த மண்ணின் மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் கதை வேறு. 1954 அக்டோபர் 18ல், வில்லியனூரை அடுத்த கீழூரில், சட்டசபை, கொம்யூன் சபைகளின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். பிரெஞ்சு ஆட்சியின் முடிவைத் தீர்மானித்ததில் கொம்யூன் உறுப்பினருக்கும் பங்குண்டு.

ஆனால் அதே கொம்யூன்களின் பிற்காலக் கதி என்ன? 1968ல் உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 38 ஆண்டு கழித்து, 2006ல்! 2011ல் பதவிக்காலம் முடிந்தது. பிறகு பத்தாண்டுக்கு மேல் தேர்தலே இல்லை, அதிகாரிகளே ஆண்டனர்.

நாட்டைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, உள்ளூர்க் காரியங்களை மக்களே நடத்த வேண்டும் என்று 1816ல் ஜெபர்சன் எழுதினார். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. ஆயினும் கொள்கை சரியானது. ஜெபர்சன் ஒதுக்கியவர்களையும் சேர்த்து அதை நிறைவேற்ற வேண்டியது நாம்.

தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பாகூர் விவசாயக் கூலி யாரிடம் கணக்குக் கேட்பது? தாம் தேர்ந்தெடுத்தவரிடம்தானே! உள்ளாட்சித் தேர்தல், தயவல்ல, உரிமை. காலந்தவறாமல் நடத்து என்கிறோம்.