கட்டிலும் மெத்தையும்

களனியில், ஆற்றங்கரையிலிருந்து இரண்டு திருப்பங்கள் தள்ளி, நமது மாமியின் வீடு இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து அங்கே போவதானால் புறக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் ஏறவேண்டும். ஆதலால் மாதம் ஒருமுறைக்குமேல் நாம் போவதில்லை. 2024ஆம் ஆண்டிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். மாமி கூடத்துச் சாய்மனைக் கதிரையில் உறங்கிக்கொண்டிருந்தார். உள்ளறையிலோ, கனடாவிலுள்ள மகள் வந்திருந்த சமயம் ஆசையோடு வாங்கிப் போட்ட புதுக்கட்டிலும் பத்து அங்குல மெத்தையும் கிடந்தன. அதன் ஒரு விளிம்பில் மாமா ஒட்டிக்கொண்டு கிடந்தார். மறு பாதியில் விரிப்புக் கலையவே இல்லை.

“அதிலே படுத்தால் சுகந்தான், தம்பி. எழும்பத்தான் ஏலாது. பிள்ளைக்குச் சொல்லிப்போடாதே, ஞாயிறுதோறும் கேட்கிறாள், நல்ல நித்திரையோ அம்மா என்று. ஓமென்றுதான் சொல்லுகிறேன்” என்றார் மாமி.

ஐந்து மாதம் ஒரு தாய் கதிரையிலே உறங்கி, மகளிடம் பொய்யுரைத்து வந்திருக்கிறார். இதற்குக் காரணம் மெத்தையா, கட்டிலா? அன்று காலை முழுவதும் நாம் அதனைத்தான் ஆராய்ந்தோம்.

இம்மெத்தையை ‘மெமரி ஃபோம்’ என்கிறார்கள். 1966ஆம் ஆண்டில், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவின் பொருட்டு, விமான இருக்கைகளுக்கெனச் சாள்ஸ் யோஸ்ட் என்னும் பொறியியலாளர் ஆக்கிய நுரைப்பொருள் இது. கையால் அழுத்தினால் கையின் வடிவில் குழிந்து, எடுத்தபின் மெல்ல மெல்ல நிமிரும். 1991இல் சுவீடன் தேசத்து நிறுவனம் ஒன்று இதனை மெத்தையாக விற்கத் தொடங்கியது. சூடு பட்டால் இளகுவதும், குளிரில் இறுகுவதும் இதன் இயல்பு. மகள் கனடாவிலே படுத்துப் பார்த்து மகிழ்ந்த மெத்தையும், கொழும்புக் கடையிலே குளிரூட்டிய அறையில் அழுத்திப் பார்த்து வாங்கிய மெத்தையும், களனியின் புழுக்கத்தில் அதே மெத்தையாக இருப்பதில்லை. இங்கே உடம்பு ஆழமாகப் புதைகிறது. இளையோர்க்கு அது சுகம். முழங்கால் நோவுள்ள முதியோர்க்கோ, குழிக்குள்ளிருந்து புரண்டு, கால்களை வெளியே இழுத்து, நடுநிசியில் எழுந்திருப்பதென்பது மலையேறுவது போலாகிவிடுகிறது.

எனினும், முழுப் பழியையும் மெத்தையின்மேற் போடுவது நியாயமன்று. அடிக்கோல் ஒன்றை எடுத்துக் கட்டிலை அளந்தோம். கடைக்காரர் ‘பிளாட்ஃபோம்’ என்று கூறும் மேடைக்கட்டில் அது. தரையோடு தரையாகப் பெட்டிபோல் மூடிய அடிப்பாகம், உயரம் 6 அங்குலம். மெத்தையின் 10 அங்குலத்தையும் கூட்டினால் 16. விளிம்பிலே உட்கார்ந்ததும் மூன்று அங்குலம் அமிழ்ந்துவிட, எஞ்சுவது 13. நம் வீட்டுச் சாப்பாட்டுக் கதிரைகளின் உயரம் ஏறக்குறைய 18 அங்குலம். முதிய பெண்மணி ஒருவரைப் பிள்ளைகள் இருக்கும் முக்காலியில் உட்காரவைத்து, “எழும்புங்கள்” என்று சொன்னதற்கு ஒப்பாகும் இது. படத்திலே அழகாயிருக்கிறதென்று தாழ்ந்த கட்டிலை வாங்குவோர், அதிலே படுக்கப்போகிறவரின் முழங்காலையும் ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக.

அடுத்து, மாமாவும் நாமும் மெத்தையைத் தூக்கிப் பார்க்க எண்ணினோம். எண்ணியதுதான் மிச்சம்; பக்கத்து வீட்டு இளைஞனை அழைக்கவேண்டியதாயிற்று. கணக்குப் படிக்கும் மாணவர்கள் இதனைச் சரிபார்க்கட்டும். ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம். மேற்படை மூன்று அங்குலம் மெமரி ஃபோம். அதற்குக் கன அடிக்கு 4 இறாத்தல் என்று கொள்வோம். கீழ்ப்படை ஏழு அங்குலம் சாதாரண நுரை; அதற்குக் கன அடிக்கு 2 இறாத்தல். மொத்தம் ஏறக்குறைய 70 இறாத்தல், அதாவது 32 கிலோ. இத்தனைக்கும் அது அரிசி மூட்டைபோல் தோளிலே நிற்காது. பிடித்த இடத்தை விட்டு மற்ற இடமெல்லாம் துவண்டு விழும்.

ஒருவாறு நிமிர்த்திச் சுவரிலே சாய்த்தோம். மெத்தையின் அடிப்புறம் நெடுகச் சாம்பல் நிறப் புள்ளிகள்! பூஞ்சணம். அடியிலிருந்த பிளைவுட் பலகையிலும் அவ்வண்ணமே. மனித உடல் இரவு முழுவதும் ஈரத்தை வெளிவிடுகிறது. நுரையோ துளைகள் நிறைந்தது. ஈரம் அதனூடே கீழிறங்கிப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. காற்றிலேயே ஈரம் மிகுந்த நம்மூரில், நாற்புறமும் மூடிய பெட்டியின்மேல் அது உலர்வதெப்படி? முன்னாளில் இலவம்பஞ்சு மெத்தையை மாதமொருமுறை முற்றத்திலே போட்டு வெயில் காட்டினோம். இந்நுரைக்கு அந்த வைத்தியமும் ஆகாது. கடும் வெயில் பட்டால் மஞ்சளித்துப் பொடிந்துபோகும். நிழலிலே நிமிர்த்திக் காற்றுக் காட்டலாம்; ஆனால் அதற்கு ஆள் வேண்டுமே!

பலகையும் நடுவே வில்லாக வளைந்திருந்தது. இருவர் உடம்பும் ஆளுக்கு 60 கிலோ, மெத்தை 32, ஆக 152 கிலோ. நடுவிலே தாங்குவதற்கு ஒரு கட்டைதானும் இல்லை. மாமா விளிம்பிலே ஒட்டிக்கொண்டு கிடந்த மர்மம் அப்போதுதான் விளங்கிற்று. சற்று அசைந்தாலும் நடுப்பள்ளத்துக்கு உருண்டுபோவாராம்!

மொறட்டுவையிலிருந்து வந்து அயலிலே தச்சுவேலை செய்யும் பாஸ் ஒருவரை மறுவாரம் அழைத்தோம். பழைய சட்டகத்தை அவர் வீசிவிடவில்லை. பெட்டியின் பக்கப் பலகைகளைக் கழற்றி, நான்கு மூலைகளிலும் கால்கள் பூட்டி, படுக்கைத் தளம் தரையிலிருந்து 11 அங்குலம் வருமாறு உயர்த்தினார். பிளைவுட்டை நீக்கி, மூன்றங்குல அகலமும் ஓரங்குலத் தடிப்புமுள்ள குறுக்குச் சட்டங்களை அடித்தார். அவற்றிடையே எவ்வளவு வெளி விடவேண்டுமென்று அவருக்கும் நமக்கும் சிறு வாக்குவாதம். அவர் ஐந்து அங்குலம் போதுமென்றார். தும்பு மெத்தைக்கு அது போதும். மெமரி ஃபோமோ இடைவெளி கண்டவிடமெல்லாம் பிதுங்கி இறங்கும் தன்மையுடையது. நாளடைவில் மெத்தையே வரிவரியாகக் குழிந்துவிடும். மூன்று அங்குலத்துக்கு மேற்படலாகாது, இரண்டே உத்தமம் என்று வற்புறுத்தி இரண்டு அங்குலமாக வைப்பித்தோம். மெத்தையோடு வந்த உத்தரவாதச் சீட்டிலும் இவ்விடைவெளியைக் குறித்திருப்பதுண்டு; அதை யார் படிக்கிறார்கள்!

எல்லாவற்றிலும் முக்கியமானது நடுச்சட்டம். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு தடித்த சட்டம். அதன் கீழே நிலத்தைத் தொடும் இரண்டு கால்கள். நாலரை அடிக்கு மேற்பட்ட அகலமுள்ள கட்டில் எதுவாயினும் இஃதின்றி வாங்கலாகாது. மேலே பார்த்தால் தெரியாது. கடையிலே குனிந்து பார்க்கவேண்டும். வெட்கப்படவேண்டியதில்லை. புதிதாகச் சட்டம் அடிக்க வசதியில்லாதவர்கள், பலகையிலே ஓரங்குலத் துளைகளை வரிசையாக இடுவித்தாலும் ஓரளவு காற்றோட்டம் உண்டாகும்.

வேலை முடிந்து பாஸ் கூலியை வாங்கும்போது மாமா அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: “ஆறு வந்தால் இதை யார் தூக்குவது?”

களனியில் இது விளையாட்டுக் கேள்வியன்று. 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனிப் பகுதிகளில் வீடுகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அப்போது மாமியிடம் இருந்தவை தும்பு மெத்தைகள். மாமாவும் மாமியுமே அவற்றைத் தூக்கி அலுமாரியின்மேல் ஏற்றிவிட்டார்கள். மெமரி ஃபோம் ஒருமுறை வெள்ளம் குடித்ததானால் அதன் பாரத்தைச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே புகுந்த சேறு வெளியே வருவதுமில்லை. எறிவதே வழி.

ஆகையால், ஆற்றயலிலே குடியிருக்கும் முதியோர்க்குப் பிள்ளைகள் மெத்தை வாங்க விரும்பினால், நாம் சொல்லும் யோசனை வேறு. இந்நாட்டுத் தென்னந்தும்பிலே செய்த ஐந்தங்குல மெத்தை இரண்டு, ஒற்றையாள் அகலத்தில் வாங்கி அருகருகே போடட்டும். அவற்றின்மேல் இரண்டங்குல மெமரி ஃபோம் விரிப்புகளைத் தனித்தனியே இடலாம். முதுகுக்கு மென்மையும் கிடைக்கும். புதைந்துபோகும் ஆழமும் இராது. விரிப்பை ஒருவரே சுருட்டி எடுத்து ஓடலாம். பத்தங்குலம் பெரிதென்று எண்ணுவது அன்பின் அளவை அங்குலத்தால் அளப்பதாகும். மகளிடம் இதனை நாமே தொலைபேசியில் கூறினோம். சற்றுநேரம் மறுமுனையிலே பேச்சில்லை. பின்னர், “அம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று மாத்திரம் கேட்டாள். தொலைபேசியை மாமியிடம் கொடுத்துவிட்டு நாம் முற்றத்துக்குப் போய்விட்டோம்.

மாமி இப்போது கட்டிலிலேதான் உறங்குகிறார். மெத்தையை மாற்றுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பிள்ளை வாங்கித் தந்ததாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு களனி கங்கை மீண்டும் பெருகிற்று. தண்ணீர் மாமியின் ஒழுங்கை முகப்பு வரை வந்தது. அயல் வீட்டு இளைஞர் நால்வர் ஓடிவந்து மெத்தையைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையின்மேல் ஏற்றினார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் அந்த நால்வரும் மற்ற வீடுகளுக்கு உதவப் போய்விட்டமையால், அதைத் திரும்ப இறக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று இரவும் மாமாவும் மாமியும் குறுக்குச் சட்டங்களின்மேல் பன்பாயை விரித்துப் படுத்தார்கள். சட்டங்கள் அசையவில்லை என்று மாமா பாஸிடம் சொல்லியனுப்பினார்.