செய்திப்படம் சொல்லாத சேதி

நெருக்கடி நிலைக் காலத்தைப் பற்றிய 'எமர்ஜென்சி' திரைப்படம் 2025 ஜனவரி 17-ம் தேதி வெளியாவதற்கு முன் தணிக்கை வாரியத்தில் சில மாதங்கள் முடங்கிக் கிடந்தது. அசல் காட்சிகள் இடம்பெறும் இடங்களில் அதைத் திரையில் எழுத்தால் தெரிவிக்க வேண்டும் என்று வாரியம் கேட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. எதிர்ப்புகளும் உயர் நீதிமன்ற வழக்கும் எழுப்பிய பரபரப்பில் இது அதிகம் பேசப்படவில்லை. வாரியத்தின் மற்ற நிபந்தனைகள் எப்படியோ, இந்த ஒன்று நியாயமானது.

நடிகர் பேசும் காட்சிக்கும் பழைய கறுப்பு வெள்ளைச் சுருளுக்கும் இடையிலான கோடு மறைந்துவிட்டால், இயக்குநரின் ஊகத்துக்கும் ஆவணத்தின் மதிப்பு வந்துவிடுகிறது. கென்னடி படுகொலை பற்றி ஆலிவர் ஸ்டோன் 1991-ல் எடுத்த 'ஜேஎப்கே' மீது எழுந்த குற்றச்சாட்டும் இதுதான். சம்பவ இடத்தில் எடுக்கப்பட்ட சுருளோடு, அதேபோலத் தோன்றுமாறு படமாக்கிய காட்சிகளையும் அவர் கலந்திருந்தார்.

இந்தியாவில் சிக்கல் இன்னும் ஆழமானது. இங்கு அசல் காட்சிகளில் பெரும்பகுதி அரசே எடுத்தவை. 1948-ல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களைத் திரையரங்குகள் காட்டியே தீர வேண்டும் என்பது அன்றைய விதி. 1975 ஜூன் 25-ம் தேதி இரவு தில்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் நாளிதழ் அலுவலகங்களின் மின்சாரம் துண்டிக்கப்பட்டதையோ, 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டையோ அவற்றில் தேடுவது வீண். இருபது அம்சத் திட்டத்தின் பெருமை வேண்டுமானால் கிடைக்கும்! அசல் காட்சி என்று எழுதிக் காட்டுவதோடு, எடுத்தது யார், எந்த ஆண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாடாளுமன்றத்தின் கதை வேறு. நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்கு 1975 ஜூலையில் இரு அவைகளும் ஒப்புதல் அளித்தன. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தனர். எதிர்த்துப் பேசியவர்களின் உரைகள் அவைக் குறிப்பில் உண்டு. பத்திரிகைகளில் வெளிவரத் தணிக்கை விடவில்லை. விவாதங்களைப் படமெடுக்கும் வழக்கமும் அன்று இல்லை. குடியரசுத் தலைவர் உரை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதே 1989 டிசம்பரில்தான். கேள்வி நேரத்தின் நேரடி ஒளிபரப்பு 1994-ல்தான் வழக்கத்துக்கு வந்தது. 1975-ம் ஆண்டு விவாதத்தைக் காட்ட விரும்பும் இயக்குநர் நடிகர்களைக் கொண்டுதான் காட்ட முடியும். அதில் தவறில்லை. அதன் முன்னும் பின்னும் அசல் பொதுக்கூட்டக் காட்சிகளை ஒட்டி, அவையில் இப்படித்தான் பேசினார்கள் என்று நம்பவைப்பதுதான் தவறு. அச்சிட்ட அவைக் குறிப்பு கையில் இருக்கும்போது வசனத்தை இட்டுக்கட்ட என்ன அவசியம்?

பிலிம்ஸ் டிவிஷனும் புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. வரிப்பணத்தில் எடுத்த சுருள்கள் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. அவற்றைப் பெறுவதற்கான கட்டணமும் விதிகளும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆளும் தரப்புக்கு உவப்பான படத்துக்கு ஒரு வழி, சங்கடம் தரும் ஆவணப்படத்துக்கு வேறு வழி என்றாகிவிடக் கூடாது. ஏ.கே. செட்டியார் நாடு நாடாக அலைந்து 50 ஆயிரம் அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940-ல் காந்தி பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். இன்று அதே தேடலில் இறங்கும் இளைஞருக்கு, எந்தச் சுருளில் என்ன இருக்கிறது என்று ஆண்டும் இடமும் குறித்த முழுப் பட்டியலையாவது கழகம் பொதுவில் வைக்க வேண்டும்.