இரு முழப் பாய்க்கலம்

திருவண்ணாமலையை அடுத்துச் சமுத்திரம் என்னும் பெயருடைய ஏரி ஒன்று உண்டு. கடற்கரையோ அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடல் காணா ஊரார் தம் நீர்நிலைக்குக் கடலின் பெயரை இட்டு மகிழ்ந்தனர் போலும்! மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையின் மேற்குப் பக்கத்தில் அமைந்தது அடி அண்ணாமலை. மழைக்காலத்தில் அவ்வூர்த் தெருக்களில் நீரோடும். சிறுவர் காகிதக் கப்பல் விடுவர். கார்த்திகைத் தீபம் கழிந்தபின் நகரத்து ஐயங்குளத்தில் தெப்பத் திருவிழா நடைபெறும். அதனையும் சென்று காண்பர். கலத்தைப் பற்றி அவ்வூர்ச் சிறுவன் அறிவது பெரும்பாலும் இவ்வளவே. காகிதக் கப்பல் நீர் இழுத்தவழிச் செல்கிறது. தெப்பம் ஆட்கள் செலுத்தியவழிச் செல்கிறது. காற்றை ஆண்டு செல்லும் கலத்தை அவன் கண்டதில்லை.

அவனுக்கு ஏற்ற விளையாட்டு ஒன்று உலகில் வழங்குகின்றது. அது சிறு பாய்க்கலப் பந்தயம். ஆடுவோர் கரையில் நிற்பர். கலங்கள் நீரில் ஓடும். ஒவ்வொருவர் கையிலும் வானொலி அலையை விடுக்கும் சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதிலுள்ள ஒரு கோலை அசைத்தால் சுக்கான் திரும்பும். மற்றொன்றை அசைத்தால் பாயின் கயிறு இறுகும், அல்லது தளரும். கலத்தை உந்தும் பொறி எதுவும் உள்ளே இல்லை. உந்துவது காற்று ஒன்றே.

கம்பியின்றித் தொலைவிலிருந்து படகைச் செலுத்தலாம் என்பதனை 1898ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் காட்டியவர் நிக்கோலா தெஸ்லா. அவர் படகு மின்விசையால் ஓடியது. மேல்நாட்டார் அதற்கு முன்னும், அதற்குப் பின் நெடுங்காலமும், சிறு பாய்க்கலங்களைத் தம் போக்கில் நீரில் விட்டே பந்தயம் நடத்தினர். கலம் எக்கரை சேருமோ அக்கரைக்கு ஓடிச்சென்று, கழியால் அதனைத் திருப்பி விடுவர். அங்ஙனம் ஓடிய கால்களுக்கு வானொலி ஓய்வளித்தது. அதனால் விளையாட்டு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது வழக்கிற்குரியது.

இன்று பல நாடுகளில் வழங்கும் 'பன்னாட்டு ஒரு மீட்டர்' வகைக் கலத்தின் உடல் 1000 மில்லிமீட்டர் நீளத்திற்கு மிகலாகாது. எடை 4 கிலோகிராமிற்குக் குறையலாகாது. மென்காற்று, இடைக்காற்று, வன்காற்று என்னும் மூன்றற்கும் மூவளவுப் பாய்த்தொகுதிகள் உண்டு. இரு முழத்திற்குச் சற்றே மிகுந்த இக்கலத்தைப் பொம்மை என்று இகழ்வார் உளர். படிக்கும் பிள்ளைக்கு இவ்வீண் வேலை எதற்கு என்று வினவுவாரும் உளர். அவர்கள் ஒருமுறை அதன் கோலைக் கையில் வாங்கிக் காற்றை எதிர்த்துக் கலத்தைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். நேர் எதிராகச் செலுத்தினால் பாய் படபடக்கும்; கலம் நின்றுவிடும். காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை விலக்கி ஒருபுறம் ஓட்டிப் பின் மறுபுறம் திருப்பி, இவ்வாறு வளைந்து வளைந்தே முன்னேறுதல் கூடும். அடியில் நீண்டு நிற்கும் தகடு, கலம் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும். அதன் நுனியிலுள்ள ஈயக்குண்டு கலத்தைக் கவிழாமல் காக்கும். விசைகளின் கூட்டு என்று பௌதிக நூலில் நெட்டுருச் செய்யும் பாடம் இங்கே கண்முன் ஓடுகின்றது.

இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிப் பகுதியில் மீனவர் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவதுண்டு. அங்கே ஈயக்குண்டின் வேலையை மனிதரே செய்வர். படகின் குறுக்கே நீட்டிய பலகையில் ஏறியமர்ந்து, காற்று அழுத்த அழுத்த வெளியே சாய்வர். பாயைத் தாங்கும் குறுக்குக் கழியைப் பருமல் என்றும், பாயை இழுத்துக் கட்டும் கயிற்றைத் தாமான் என்றும் கடற்கரையார் கூறுவர். அச்சொற்களை அவர்கள் எந்நூலிலும் தேடிக் கற்றதில்லை. கை கற்றதனால் நா கற்றது. உள்நாட்டு மாணவன் நிலையோ வேறு. கூம்பு என்றால் பாய்மரம், இதை என்றால் கப்பற்பாய், மீகான் என்றால் மாலுமி என்று பொருள் எழுதி மதிப்பெண் பெறுகிறான். ஆண்டு முடிந்ததும் மறக்கிறான். புறநானூற்று 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றைப் பணிகொண்டு கடலில் கலம் செலுத்திய பெருமையைப் பாடுகின்றார். காற்றை எங்ஙனம் பணிகொள்வது என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், விடை கூறவல்ல ஆசிரியர் எத்தனை பேர்? ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்தாம் பருவம் சிறுதேர். குழந்தை நடைவண்டி உருட்டுவதைப் பாடுதற்கு ஒரு பருவமே வகுத்த தமிழர், சிறுகலத்திற்கு அங்ஙனம் ஒன்று வகுத்திலர். இது சற்றே வருந்தத்தக்கது.

கடல் இல்லா ஊரில் பிறந்தவர்க்குக் கலம் ஓட்டும் திறன் வாராது என்பதும் பிழை. வேலூரிற் பிறந்த விஷ்ணு சரவணன் 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024இல் நடந்த பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பாய்க்கலம் செலுத்தினார். ஒலிம்பிக் பாய்க்கலப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன்.

இவ்விளையாட்டின் விதிகளுள் ஒன்று தனித்துக் கூறத்தக்கது. வலப்பக்கக் காற்றில் வரும் கலத்திற்கு, இடப்பக்கக் காற்றில் வரும் கலம் வழிவிடல் வேண்டும். தவறி இடித்துவிட்டால், பிழை செய்தவன் தானே தன் கலத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மேற்செல்லல் வேண்டும். பெரும்போட்டிகளில் கண்காணிப்போர் இருப்பர். சிறு குளத்தில் யார் இருப்பர்? ஐம்பது மீட்டர் தொலைவில் இரு கலங்கள் உரசியதை, சுக்கானைத் திருப்பியவன் ஒருவனே அறிந்திருக்கக் கூடும். சுற்றினால் பின்தங்குவான், சுற்றாவிடின் கேட்பாரில்லை. தேர்வறைக்குக் காவல் மேல் காவல் வைக்கும் நாட்டில், இத்தகைய பயிற்சியைப் பள்ளிகள் தேடிக் கொணர வேண்டாவா?

பொருட்செலவைக் காட்டி மறுப்பது எளிது. வானொலிக் கருவி பின்னர் வரட்டும். முதற்கலத்திற்கு அது வேண்டுவதில்லை. கல்யாண முருங்கை போன்ற மெல்லிய மரம், மூங்கிற் குச்சி, பழங்குடைத் துணி, தகரத் துண்டு, வலையிற் கட்டும் ஈயக்குண்டு ஆகியவை போதும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். நீரருகே பெரியவர் ஒருவர் உடனிருத்தலும் கட்டாயம்.

மெய்யான இடையூறு நீர்நிலைகளின் நிலையே. ஒரு மீட்டர்க் கலத்தின் அடித்தகடு நீருள் 42 சென்டிமீட்டர் வரை இறங்கக்கூடும். ஆகாயத்தாமரையும் நெகிழிப் பையும் மண்டிய குளத்தில் அது பத்தடி செல்வதற்குள் சிக்கி நிற்கும். குப்பை கொட்டாதீர் என்னும் பலகையைப் படியாத சிறுவனும், தன் கலம் சிக்கிய இடத்தை மறவான். அடுத்த நாள் கோலொன்று கொண்டுவந்து அப்பையை இழுத்துப் போடுவான்.

ஆடியில் காற்று மிகுதி. ஏரியில் நீர் குறைவு. மழை நன்கு பெய்த ஆண்டுகளில், தையிலும் மாசியிலும் நீர் நிற்கும், காற்றும் மென்மையாயிருக்கும். தொடங்குவோர்க்கு அதுவே ஏற்ற காலம். மரத்தைப் புரட்டாசி மழைக்கு முன்பே வாங்கி நிழலில் உலர்த்திவிடுதல் நன்று. ஈரமரம் கனக்கும், பின்பு வெடிக்கும்.